கைலி ஒன்று என்ன விலை: நீர்கொழும்பு நண்பரோடு பரங்கிமலை முதல் தாம்பரம் வரை

ஆகஸ்ட் 2004 கடைசியில், நீர்கொழும்பிலிருந்து வந்த என் வியாபார நண்பரையும் அவர் மனைவியையும் மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டினேன். அன்று மாலை தாம்பரத்தில் ஒரு மேடையில் அவர்களுடைய நாட்டைக் கேவலமாகப் பேசினார்கள். வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டதால் உட்கார்ந்து கேட்டோம். அந்தக் கூட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தவன் நான்.

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். ஆனால் விமான நிலையத்தில் இறங்கி ஒரு பகல் கையில் இருந்தால் இந்தப் பக்கம் என்ன பார்க்கலாம் என்று பின்னூட்டத்தில் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். வழியை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால், மேலே நல்ல துணியை வைத்து உள்ளே பழசை மடித்து விற்பதுபோல ஆகிவிடும். ஆகவே இரண்டையும் சொல்கிறேன்.

எனக்குத் தாம்பரத்தில் கைலி மொத்த வியாபாரம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சைக்கிள் கேரியரில் வைத்து விற்கத் தொடங்கியவன். நிஹால் பெர்னாண்டோ மூன்று வருஷம் முன்பு வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் என் கடைக்குள் நுழைந்து நாலு டஜன் வாங்கினார். அடுத்த வருஷம் நாற்பது டஜன். சிங்களவர், கத்தோலிக்கர். தாய்வழியில் தமிழ் உண்டு என்பதால் நம் பேச்சு அத்தனையும் புரியும். மனைவி ஸ்டெல்லாவுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். இந்தத் தடவை வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்னால் வந்தார்கள். கூடவே நூறு டஜனுக்கு ஆர்டர் பேச வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். எனக்கு அதுவரை வந்ததில் பெரிய ஆர்டர் அதுதான்.

காலை ஒன்பதரைக்கு விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தார்கள். மாருதி ஆம்னி ஒன்று வாடகைக்குப் பேசியிருந்தேன். பத்து மணி நேரம், எண்பது கிலோமீட்டர், 800 ரூபாய், டிரைவர் பேட்டா தனியாக 75. டிரைவர் பாஸ்கர் கடப்பேரிக்காரர். பெட்டியை ஏற்றிக்கொண்டே, "சார், சிலோன்ல இட்லி கீதா?" என்று கேட்டார். "இருக்கு தம்பி. ஆனா எங்கட இட்லி உங்கள மாதிரி வாயத் திறந்து கேள்வி கேக்காது," என்றார் நிஹால். அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் ஒரே சிரிப்பு, நான்தான் வெளியாள்.

முதலில் பரங்கிமலை. விமான நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான். வண்டி மேலேவரை போகும். ஆனால் ஸ்டெல்லா படியேறியே தீருவேன் என்று செருப்பைக் கழற்றி பாஸ்கரிடம் கொடுத்துவிட்டார். பதினொரு மணிக்குக் கல் சுடும். நீங்கள் போனால் எட்டு மணிக்கு முன்னால் ஏறுங்கள். மேலே சின்னக் கோயில், உள்ளே பழைய கல் சிலுவை. ஸ்டெல்லா ஐந்து மெழுகுவத்தி வாங்கினார், பத்து ரூபாய். நாலு ஏற்றிய பிறகு ஐந்தாவதை ஏற்றும்போது என்னைப் பார்த்து, "அண்ணா கடை," என்றார். என் கடைக்காக. நான் கும்பிடுகிற சாமி வேறு என்பது அவருக்குத் தெரியும்.

மலைமேலிருந்து பார்த்தால் ஓடுபாதை முழுசாகத் தெரியும். ஒரு விமானம் எங்கள் கண்ணுக்குக் கீழே இறங்கியது. "பாருங்க முதலாளி, கொழும்பில இருந்து இங்க வர ஒண்டேகால் மணித்தியாலம். நான் கண்டிக்குப் போக மூண்டு மணித்தியாலம் வேணும்," என்றார் நிஹால்.

பல்லாவரத்தில் சாப்பாடு, ஆளுக்கு 28 ரூபாய், அளவில்லாச் சோறு. அங்கிருந்து குன்றத்தூர் சாலையில் நாலு கிலோமீட்டர் போனால் அனகாபுத்தூர். வண்டியைச் சாலையிலேயே விட்டுவிடுங்கள், சந்துக்குள் திரும்ப இடமில்லை. தறிச் சத்தம் கேட்கிற பக்கம் நடந்தால் போதும். நான் எடுக்கிற தறிக்காரர் வீட்டில் நிஹால் பெரிய கட்டம் போட்ட மெரூனும் நீலமும் எடுத்து வைத்தார். நாம் கைலி என்பதை அவர்கள் சாரம் என்பார்கள். பேரைத் தவிர வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. இடுப்பு ஒன்றுதான்.

விலை பேச்சு அங்கேயே தொடங்கியது. நான் 92 என்றேன். அவர் 85 என்றார். நூல் விலையைச் சொன்னேன். அவர் கப்பல் செலவைச் சொன்னார். நான் 91க்கு வந்து நின்றுவிட்டேன். "முதலாளி இறங்கமாட்டார், பரங்கிமலையில ஏறினது போல ஏறத்தான் தெரியும்," என்று தறிக்காரரிடம் புகார் சொன்னார். மிச்சத்தைச் சாயங்காலம் பேசலாம் என்று கிளம்பினோம். இப்படி நல்ல மனசோடு விலை பேசுகிற ஆள் கிடைப்பது அபூர்வம். வியாபாரம் செய்கிறவர்களுக்குப் புரியும்.

திருநீர்மலைக்கு நாலேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குத் தகுந்த மாதிரி போங்கள். கீழே ஒரு கோயில், மேலே ஒரு கோயில். பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த நாலு கோலத்திலும் இங்கே இருக்கிறார். நான் சொன்னதை நிஹால் மனைவிக்குச் சிங்களத்தில் சொல்ல, அவர் ஏதோ கேட்டார். "ஏன் ஒருத்தருக்கு நாலு இடம் என்டு கேக்கிறா. நான் சொன்னன், சென்னையில வாடகை கூட, அது ஏற முந்தியே நாலையும் பிடிச்சிட்டார் என்டு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா காதில் விழுந்து அவரும் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா தலையில் ஒரு முழம் மல்லிகையை அவரே செருகிவிட்டு, "துட்டு வேணாம் போம்மா, ஊருக்கு வந்த பொண்ணு," என்றார்.

இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது.

குரோம்பேட்டை வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தபோது மணி ஆறு. எட்டரைக்குத் தாம்பரத்தில் வேளாங்கண்ணி பஸ். தாராளமாக நேரம் இருந்தது. தாம்பரம் நெருங்கும்போது வண்டிகள் நின்றுவிட்டன. பாஸ்கர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒரே பேஜாரு. ரோட்ட ஒட்டி மேடை போட்டுக்கினு கீறாங்க. ஒரு அங்குலம் நவுராது."

கொடியைப் பார்த்ததும் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் நாலு பேர் ரசீதுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்கள். எந்தக் கட்சி வந்தாலும் கொடுப்பேன். சாலையோரக் கடை, கண்ணாடிக் கதவு. ஆளும் கட்சிக்கு ஆயிரம், எதிர்க்கட்சிக்கு ஆயிரம், சின்னக் கட்சிக்கு ஐந்நூறு. என்ன கூட்டம், யார் பேசுகிறார், எதைப் பேசப்போகிறார் என்று இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள், வியாபாரம் கெடும். கொடுத்தால் போய்விடுவார்கள். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடலில் நம் மீனவர்கள் அடிபட்டதைப் பற்றித்தான் கூட்டம். அது உண்மையான வேதனை, பேச வேண்டியதும்கூட. அடித்தவனைக் கேள், அடிக்கச் சொன்னவனைக் கேள். ஆனால் மேடையில் இருந்தவருக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. கூம்பு ஒலிபெருக்கி எங்கள் வண்டிக்கு நேர் மேலே கட்டியிருந்தது.

"கையகலத் தீவு! ஒரு ஊரே திருட்டு ஊரு! டேய், உன் இடுப்புல கைலி கட்டியிருக்கியே, அது யாரு குடுத்தது? நாங்க போட்ட பிச்சைடா அது! நாளைக்கே நாங்க உருவிட்டா நாட்டோட நிப்பியாடா நடுத்தெருவுல?"

விசில் பறந்தது. உருவிக் காட்டுவதுபோலக் கையால் செய்தும் காட்டினார். இன்னும் சொன்னார், பெண்களைப் பற்றியும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

பாஸ்கர் மெல்ல என்னைப் பார்த்து, "கண்ணாடிய மூடிடவா சார்?" என்றார்.

"வேணாம் தம்பி, வேர்க்குது," என்றார் நிஹால், வெளியே பார்த்தபடி.

பேச்சு முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது வேறொருவர் மைக்கைப் பிடித்தார். "இந்தக் கூட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் நிதி வழங்கிய, பூங்காவனம் டெக்ஸ்டைல்ஸ் உரிமையாளர், வாரி வழங்கும் வள்ளல், கைலி கண்ட அண்ணன் ஏகாம்பரம் அவர்களுக்குக் கோடான கோடி நன்றி!" ஒரே கரகோஷம்.

"சார், உங்க பேரு!" என்று பாஸ்கர் சந்தோஷத்தில் கத்திவிட்டார். கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஸ்டெல்லா என் பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கணவரிடம் ஏதோ கேட்டார். நிஹால் இரண்டு வார்த்தைதான் சொன்னார். ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. மேடையைப் பார்த்து, கூட்டத்தோடு சேர்ந்து அவரும் கை தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா பெரிய ஆள்! நல்லம், நல்லம்!" என்றார். தலையில் அந்தப் பூ இருந்தது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தாம்பரம் பஸ் நிலையத்துக்கு ஏழேகாலுக்கு வந்தோம். ஸ்டெல்லாவைப் பெட்டிகளோடு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் டீக்கடைக்குப் போனோம்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்கள நல்ல மனிசன் என்டு சொல்றாங்க என்டேன். பொய்யில்லத்தானே, அப்பிடித்தானே சொன்னாங்க."

"சார், நான் எதுக்குன்னு கேக்காமத்தான் குடுத்தேன். சத்தியமா."

"விளங்குது. எனக்கும் கடை இருக்கு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு பாஷை தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசினேன். "விலை எண்பத்தஞ்சே போட்டுக்கங்க. நீங்க சொன்னபடியே. எண்பதுகூடப் பரவாயில்ல."

அன்று முழுக்க அவர் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். டம்ளரைக் கீழே வைத்தார்.

"மத்தியானம் தொண்ணூத்தொண்டுல நின்ட ஆள் நீங்க. நூல் இப்ப மலிஞ்சுட்டுதா?"

"இல்ல..."

"அந்த மேடைக்கு டிஸ்கவுன்ட். அதானே? முதலாளி, நான் விலை குடுத்து வாங்கினா அது என்ட சாரம். நீங்க வெக்கப்பட்டுக் குறைச்சுத் தந்தா, அந்த ஆள் சொன்னது சரியாயிடும். அது நீங்க போட்ட பிச்சை."

அவரே தொடர்ந்தார்.

"போன மாசம் எங்கட அரசியல் பெரியவர் ஒருத்தர் டிவியில உங்கட ஆக்களப் பத்திக் கதைச்சார். களவெடுக்கிற சாதி, கடலையே திண்டு போடுவாங்க என்டு. கடையில என்னோட நிக்கிற தமிழ்ப் பொடியன் கேட்டுக்கொண்டு நின்டான். எனக்கு அவன்ட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு. அன்டைக்குத்தான் உங்களுக்கு போன் எடுத்தன். ஞாபகம் இருக்கா? சும்மா எடுத்தன் என்டு சொன்னன்."

ஞாபகம் இருந்தது. காரணமில்லாமல் ஐ.எஸ்.டி. போட்டு, வீட்டில் எல்லோரும் சுகமா, மழை உண்டா என்று விசாரித்தார். பாக்கிக்குத் தவணை கேட்கத்தான் சுற்றி வளைக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் அப்போது ஆள் இல்லை. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

"அதுக்கு நான் எவ்வளவு கூட்டித் தரவேணும், சொல்லுங்க?" என்றார். "வாங்க, தொண்ணூத்தொண்டுல இருந்து தொடங்குங்க. நான் எண்பத்தஞ்சு. பஸ் வர முந்தி முடிக்கவேணும்."

நான் நூல் விலையில் தொடங்கினேன். அவர் கப்பல் செலவில் தொடங்கினார். டீக்கடைக்காரர் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார். எட்டரைக்கு வர வேண்டிய பஸ் எட்டு ஐம்பதுக்கு வந்தது. டிக்கெட் ஆளுக்கு 115. ஸ்டெல்லா ஜன்னல் வழியாகக் கையாட்டினார். பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னது தெரிந்தது. என்னவாக இருக்கும் என்று ஊகிக்க அது என் காதில் விழ வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு: இந்தச் சுற்று மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள் முடியும். வெயில் காலத்தில் வேண்டாம். பரங்கிமலையைக் காலையிலும் திருநீர்மலையைச் சாயங்காலமும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஜி.எஸ்.டி. சாலையில் கூட்டம் ஏதும் இருக்கிறதா என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெளிநாட்டு விருந்தாளி கூட இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

நன்கொடையை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. போன வாரம்கூட வேறொரு கட்சிக்காரர்கள் வந்தார்கள். முதல் தடவையாக, "என்ன கூட்டம்பா?" என்று கேட்டேன். "குடிதண்ணிக்கு அண்ணே," என்றார்கள். கொடுத்தேன், பெயரை வாசிக்க வேண்டாம் என்றேன். பாதி மானம்தான் மிஞ்சியது என்று எனக்கே தெரியும். மீதியை எப்படி மீட்பது என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

வியாபாரிகள் கடைசியில் என்ன விலைக்குப் படிந்தது என்று கேட்பீர்கள். கைலி ஒன்று 88 ரூபாய், நூறு டஜன். பாதிப் பணம் முன்னால், மீதி சரக்கு கொழும்பில் இறங்கிய பதினைந்து நாளில். மேடைப் பேச்சுக்கு இரண்டு பக்கமும் தள்ளுபடி கிடையாது.