பன்னிரண்டில் இரண்டு குறைகிறது

எஸ்றா கிதார்க்கட்டையில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு வாசிக்கிறார். எலெக்ட்ரிக் கிதாருக்கு வயிறு கிடையாது, முழுக்கட்டை. மின்சாரம் கொடுக்காவிட்டால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். பல்லால் கவ்வினால் அந்தச் சத்தம் தாடை வழியாக மண்டைக்குள் ஏறிப் பெரிதாகக் கேட்கும் என்கிறார். கேட்பது அவருக்கு மட்டும்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு, ஒரு மனிதர் மரத்தைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவதுதான் தெரியும். யாராவது கூப்பிட்டால் வாயை எடுக்காமல் "ம்" என்பார்.

"அந்த 'ம்'மும் கித்தாருக்குள்ளதான் போவுது. நமக்கு ஒண்ணும் வாராது" என்பார் அவர் மனைவி ஜெபகனி.

எஸ்றாவுக்கு வயது முப்பத்தாறு. தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் எண்ணி எழுதும் வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, பிறகு மறுபடியும் நான்கு. ஒரு மூட்டை குறைந்தால் குறைவு என்று எழுதுவார். ஒன்று கூடினால் கூடுதல் என்றும் எழுதுவார். கூடினதைப் பங்குபோடாமல் எழுதுகிறவர் அந்த ஷெட்டில் இவர் ஒருவர்தான். அதனால் மத்தியானம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லை. இவருக்கு அது வருத்தமாகவும் தெரியவில்லை. மாடிப்படி ஏறும்போதுகூடப் படிகளை எண்ணி உதடு அசையும்.

பதினாறு வயதிலிருந்து சாதாரணக் கிதார் வாசித்தவர், இந்த எலெக்ட்ரிக் கிதாரை ஒரு பிலிப்பைன்ஸ் கப்பல் சமையல்காரரிடம் சைக்கிளைக் கொடுத்து வாங்கினார். அன்றிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். சமையல்காரர் சைக்கிளைக் கப்பலில் ஏற்றி என்ன செய்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

இந்த வருஷம் தேர்தல் முடிந்த கையோடு, பெங்களூரில் ஒரு ஹோட்டலில் சாயங்காலம் வாசிக்கிற இசைக்குழுவுக்குக் கிதார்காரர் தேவை என்று ஒரு தகவல் வந்தது. மாதச் சம்பளம், தங்க அறை. முதலில் மூன்று பாட்டு வாசித்து டேப்பில் அனுப்ப வேண்டும். பதினொரு வருஷமாக மூட்டை எண்ணுகிறவருக்கு அதிலிருந்து வெளியே வர இது ஒன்றுதான் வழி. இந்த வயதுக்கு மேல் இன்னொருவர் கேட்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். கையில் இருந்தது வீட்டு ஓடு மாற்ற வைத்திருந்த நானூறு ரூபாய்.

ஜெபகனி ஒரு கேள்விதான் கேட்டார். "அங்கன நல்ல மீனு கெடைக்குமா?"

"கெடைக்காது."

"அப்பம் மீனு கழுவுத வேலை மிச்சம். எழுதிப் போடுங்க. மழைக்கு முன்ன கூப்பிட்டுட்டா ஓடு மாத்த வேண்டாம்லா."

சத்தத்தைப் பெருக்க ஆம்ப்ளிபயர் வாங்கப் பணம் பற்றாது. வீட்டிலிருந்த பழைய வால்வு ரேடியோவின் பின்னால், கிராமபோன் மாட்டுவதற்கென்று இரண்டு ஓட்டை உண்டு. எஸ்றா கிதாரின் ஒயரை அதில் சொருகினார். ரேடியோ பாடியது. கூடவே கம்பி வழியாகச் சுருக்கென்று ஷாக் அடித்தது. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பலகைமேல் நின்றால் அடிக்கவில்லை. ஆகவே அந்தச் செலவு மிச்சம்.

மைக்கை ஒலிபெருக்கிக் கடையில் தேடினார். வலை நசுங்கிப்போன ஒன்று மலிவாகக் கிடைத்தது. தேர்தல் கூட்டத்தில் யாரோ பேச்சாளர் மேடையிலிருந்து கீழே போட்டதாம். வெற்றிலை வாசம் அடித்தது. "சத்தமாப் பேசுத ஆளுகிட்ட இருந்த மைக்கு, எதையும் தாங்கும்" என்று வாங்கிவிட்டார்.

டேப் ரிக்கார்டர் வாங்கியதுதான் எஸ்றாவின் குணத்தைக் காட்டும். கப்பல் சாமான் விற்கும் விக்டர் இரண்டு மிஷின்களை முன்னால் வைத்தார். ஒன்று புதிய கேசட் பெட்டி, உள்ளங்கை அகலம். மற்றது சக்கரத்தில் டேப் சுற்றும் பெரிய ஸ்பூல் மிஷின், பழசு, மரப்பெட்டி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

எஸ்றா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூட்டை எண்ணுகிற கை அது, தராசு வேண்டாம்.

"இது ஒண்ணரை கிலோ. இது பதினாலு."

"அண்ணாச்சி, கருவாடா வாங்குதிய? சின்னதுதான் புது மாடலு" என்றார் விக்டர்.

"வே விக்டரு, ஒரே வெலைக்கு ஒருத்தன் ஒண்ணரை கிலோ தாரான், ஒருத்தன் பதினாலு கிலோ தாரான். நீரு எத வாங்குவீரு?"

விக்டர் பெரியதை எஸ்றா பக்கம் நகர்த்தினார். ஜப்பான் மிஷின், நூறு வோல்ட்டில்தான் ஓடும் என்று எச்சரித்து, வோல்ட்டைக் குறைக்கும் இரும்புப் பெட்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதைத் தூக்கிப் பார்த்தபோது எஸ்றாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. அது ஆறு கிலோ.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பதிவு தொடங்கியது. சுவரெல்லாம் சாக்கு. எதிரொலிக்காமலிருக்க ரேடியோவை அலமாரிக்குள் ஜெபகனியின் சேலைகளுக்கு நடுவில் வைத்து, மைக்கைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டார். முதல் தடவை காக்கை கத்தியது. நான்காவது தடவை ஐஸ் லாரி வந்தது. ஆறாவது நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அடுக்களையில் கடுகு வெடித்தது.

"ஏளா, இப்பமா தாளிப்பே?"

"இங்கேருங்க, மணி ரெண்டாவுது. மீனு நாறுன பெறவா தாளிக்க?"

பதினொன்றாவது தடவை சரியாக அமைந்தது. போட்டுக் கேட்டார். சுத்தமாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூன்று பாட்டும் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம் என்று உறைமேல் எழுதி, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மூன்று வாரத்தில் டேப்பும் அதோடு ஒரு கடிதமும் வந்தன. "உங்கள் பத்து நிமிட வாசிப்பைக் கேட்டோம். இவ்வளவு வேகமான கையை இதுவரை கேட்டதில்லை. இருபதாம் தேதி நேரில் வரவும்."

ஜெபகனி பக்கத்து வீட்டுக்குச் சொல்ல எழுந்துவிட்டார். எஸ்றா எழவில்லை.

"பன்னெண்டு அனுப்புனேன். பத்துதான் போய்ச் சேந்துருக்கு. ரெண்டு எங்க?"

"தபாலாபீசுக்காரங்க ரெண்டு நிமிசத்த எடுத்து என்ன செய்யப்போறாங்க? கூப்பிட்டுட்டாங்கள்லா, சந்தோசப்படுங்களேன்."

"ஏளா, குறையுதுல்லா. குறைஞ்சா கேக்கணும்."

டேப் முழுவதையும் விரலிடுக்கில் ஓடவிட்டு, எங்காவது வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மிஷினில் போட்டார். பன்னிரண்டு நிமிடம், ஒரு நொடி குறையவில்லை. இங்கே பன்னிரண்டு, பெங்களூரில் பத்து.

மறுநாள் காலையில் மிஷினையும் டேப்பையும் ஒரு கைவண்டியில் வைத்து, ரேடியோ பழுதுபார்க்கும் நயினார் கடைக்குக் கொண்டுபோனார். எங்கள் வீட்டு ரேடியோவும் அப்போது நயினார் மேஜைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததால் நானும் அங்கே இருந்தேன். நயினார் தன்னுடைய உள்ளூர் மிஷினில் டேப்பைப் போட்டார்.

கிதார் பாய்ந்து வந்தது. சத்தம் மெலிந்து, மேலே ஏறி, விரல்கள் ஒன்றையொன்று துரத்தின. வாசிப்பது எஸ்றாதான், ஆனால் இருபது வயது எஸ்றா. பத்தாவது நிமிடத்தில் முடிந்தது.

நயினார் ஜப்பான் மிஷினைக் கவிழ்த்துப் பின்பக்கத் தகட்டைப் படித்தார்.

"நூறு வோல்ட்டு, அறுவது சைக்கிளு. சைக்கிளுன்னா கரண்டு நொடிக்கு எத்தன தடவ துடிக்குதுன்னு கணக்கு. வோல்ட்டுக்கு நீரு டப்பா வச்சிட்டீரு. சைக்கிளுக்கு என்ன வே வச்சீரு? நம்மூரு கரண்டு அம்பது. மோட்டாரு மெதுவாத்தான் சுத்தும். மெதுவாச் சுத்தும்போது பதிஞ்சத, ஒழுங்காச் சுத்துத மிசின்ல போட்டா வேகமா ஓடத்தான செய்யும்?"

"எங்க வீட்டுல சரியாக் கேக்குதே அண்ணாச்சி."

"பதிஞ்சதும் மெதுவு, போடுததும் மெதுவு. தப்பும் தப்பும் சேந்து சரியாயிட்டு. அந்தச் சின்னக் கேசட்டுப் பொட்டிய வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல. அது பேட்டரில ஓடுத சாமான், சைக்கிள் கணக்கு கெடையாது."

எஸ்றா ஸ்டூலில் உட்கார்ந்தார். டேப்பை இன்னொரு தடவை போடச் சொன்னார். அது ஓட ஆரம்பித்ததும் நயினாரிடம் ஒரு தாளும் உறையும் வாங்கி, மேஜை ஓரத்தில் வைத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"ஐயா, டேப்பில் குறைவு ஏதுமில்லை. பன்னிரண்டு நிமிடமும் தங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது பத்து நிமிடத்தில் ஓடியதற்கு என் மிஷின் காரணம். என் கைக்கு அவ்வளவு வேகம் கிடையாது. இதற்குப் பிறகும் நான் வரலாமா என்று தெரிவிக்கவும்."

நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனே ஆசப்பட்டுக் கூப்பிடுதான், நீரு ஏம் வே கெடுக்கீரு? இருவதாந் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாளு கெடக்கு. வேகமா வாசிச்சுப் பழகும்!"

"இருவது வருசமாப் பழகித்தான் பன்னெண்டு நிமிசம் வந்துருக்கு அண்ணாச்சி."

கடிதத்தை மடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினார். மூன்றாவது பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. இனி எதற்கு என்று நயினார் மிஷினை நிறுத்தக் கையை நீட்டினார். எஸ்றா அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து மேஜைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். பாட்டு முடியும்வரை விடவில்லை.