மதுரை விமானத்தில் வலப்பக்க ஜன்னல்

கடந்த ஜனவரியில் மதுரையில் என் தங்கை மகளுக்குத் திருமணம். தருமபுரியிலிருந்து தெற்கே போக, வடக்கே பெங்களூரு போய் விமானம் ஏறுவது வீண் சுற்று என்றான் என் மகன். வீண் சுற்றுதான். ஆனால் அந்த விமானம் காவிரியை ஒட்டிப் பறக்கிறது. ஏரியூரில் இருக்கும் எங்கள் நிலத்தை மேலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் எனக்கு. திருமணமான நாள் முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என் கணவருடையது. அவருக்கு வாந்தி வரும். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இனி ஜன்னல் என்னுடையது.

டிக்கெட் எடுத்த மகன், நடைபாதை ஓர இருக்கை போட்டு, சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைத்திருந்தான். வரிசையில் நிற்காமல் முதலில் ஏற்றிவிடுவார்களாம். அதற்காக நன்றாக நடக்கிற தாயை நாற்காலியில் உட்கார வைப்பதா? எனக்கு எழுபத்து நான்கு வயது. தினமும் சந்தைக்கு நடந்து போய் வருகிறேன்.

காலை ஐந்தரைக்கு வாடகைக் காரில் கிளம்பினேன். விமான நிலையம் சுமார் 170 கிலோமீட்டர். நாற்காலியோடு வந்த பையனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கவுண்டரில் 350 ரூபாய் கட்டி வலப்பக்க ஜன்னல் இருக்கையான 17F வாங்கினேன்.

உள்ளே போனால் 17F-இல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஆயா, நீங்க இப்புடி ஓரமா உக்காருங்க. பாத்ரூம் போவ வர சுலுவா இருக்குங்க."

"அதெல்லாம் வூட்டுலயே முடிச்சிட்டு வந்தாச்சுங்க தம்பி. எந்திரிங்க."

"கீழ என்னங்க தெரியப்போவுது? வெறும் மேகந்தான்."

"மேகம்னா மேகத்தப் பாத்துக்கறேன்."

பின்னால் வரிசை நின்றது. யாரோ, "பெரியவங்க, அனுசரிச்சுப் போங்கம்மா" என்றார். நான் நகரவில்லை. அவர்தான் எழுந்து பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார்.

விமானம் மேலே ஏறிய இருபது நிமிடத்தில் ஒகேனக்கல் பாறைகள் தெரிந்தன. அடுத்து ஆறு அகன்று மேட்டூர் நீர்த்தேக்கமானது. அதன் கரை மேட்டில் ஏரியூர். எங்கள் நிலம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, சொன்னால் பொய். தண்ணீரை ஒட்டிய அந்தப் பச்சைத் துண்டுகளில் ஒன்று. எனக்கு அது போதும்.

"ஏங்க, அது மேட்டூருங்களா?" மேகந்தான் என்ற அதே ஆள் என் மேல் சாய்ந்தார்.

"ஆமாங்க. மறைக்காதீங்க."

போக நினைப்பவர்களுக்கு: இது விசிறி வைத்த சிறிய விமானம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். ஆனால் நடுவரிசைகளில் இன்ஜினும் சக்கரமும் மறைக்கும். பின்வரிசையில் வலப்பக்கம் கேளுங்கள். காலை விமானமாக இருக்கட்டும்; வெயில் இடப்பக்கம் விழும். அவசர வழி அருகே வயதானவர்களுக்கு இடம் தர மாட்டார்கள், அதில் வாதாடிப் பயனில்லை. விமானம் போகும் வழி சில நாள் மாறும். மற்ற எதையும், யார் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

திருமண வீட்டில், காரில் வந்திருந்த மகன், "திரும்பறப்ப கார்ல கூட்டிக்கிட்டுப் போறேம்மா, சிரமப்படாதீங்க" என்றான். வடக்கே வரும்போது ஆறு இடப்பக்கம். 17A எடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.