லண்டனில் ஏறிய அண்ணன் திண்டிவனம் வந்து சேர்ந்த கதை

அறுபதுகளின் நடுவில், கார்த்திகை மாதத்து அடைமழை நாள். திண்டிவனத்தில் பெண்கள் பள்ளியொன்றில் பூகோள ஆசிரியையாக இருந்தேன். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். லண்டனில் வேலை பார்த்த அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன். ‘இன்று பகல் விமானம் ஏறுகிறேன்’ என்று பதில் வந்தது. ஆனால் மறுநாள் விடியும் முன்பே அப்பா போய்விட்டார். அண்ணன் அப்போது ஆகாயத்தில் எங்கோ இருந்தான். அவனுக்குச் சொல்ல வழியில்லை.

மதியமே எடுத்துவிடலாம் என்றார் பெரியப்பா.

“அவன் போறப்ப கப்பல்ல இருபது நாள் ஆச்சு. ஏரோப்ளேன்னா மட்டும் ஒரே நாள்ல வந்துடுவானா? மழை வேற கொட்டிக்கினு கீது. உன் வீட்டுக்காரரே கொள்ளி வைக்கட்டும்மா.”

“லண்டனுக்கும் பம்பாய்க்கும் நாலாயிரத்து ஐந்நூறு மைல் பெரியப்பா. ஜெட் விமானம் நடுவுல இறங்கி ஏறினாலும் காலையில பம்பாய் வந்துடும். அங்கேர்ந்து மீனம்பாக்கம் ரெண்டு மூணு மணி நேரம். சாயங்காலத்துக்குள்ள அண்ணன் இங்க இருப்பான்.”

நான் அடித்துச் சொன்னதால் பெரியப்பா அரைமனதாகக் காத்திருந்தார்.

மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டும். நான்கும் கடந்தது. மழை விட்டதும் பாடை கட்டினார்கள். “பொழுது சாயப் போவுது, தூக்குங்கப்பா” என்று குரல் எழுந்தது. நான் வாசலை மறித்து நின்றேன். “இருட்டுறதுக்குள்ள வருவான். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

சற்று நேரத்தில் தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி திரும்பியது. கோட்டும் சூட்டும் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு அண்ணன் இறங்கினான். பாடையைப் பார்த்ததும் அதை நோக்கி ஓடப் போய்ச் சறுக்கினான். வண்டியோட்டி வந்தவர் பாய்ந்து தாங்கிக்கொண்டார்.

“ஒலக்கூராண்ட ரோட்டு மேல வெள்ளம்மா. டாக்ஸிக்காரரு வரமாட்டேன்னுட்டாரு. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சார் தண்ணியில எறங்கிட்டாரு. கையப் புடிச்சி தாண்ட வச்சி, வண்டி பூட்டி இட்டாந்தேன்.”

அண்ணன் கொள்ளி வைத்து முடிக்கும்வரை அவர் அவன் பக்கத்திலேயே நின்றாராம். பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அண்ணனும் நானும் ஒலக்கூர்ப் பக்கம் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தோம். அவருடைய நிலத்தில், பிடுங்க வேண்டிய நிலக்கடலை முழுக்க அழுகிக் கிடந்தது. அன்று வெள்ளத்தை வாய்க்காலுக்கு வெட்டிவிட்டுக்கொண்டிருந்தவர், அண்ணன் தண்ணீரில் தடுமாறுவதைக் கண்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

“மல்லாட்டய அடுத்த பட்டத்துல போட்டுக்கலாம்மா” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் வருவான் என்று அன்று நான் சொன்னது பலித்தது. ஆனால் அதைப் பலிக்க வைத்தவர், தன் வெள்ளாமையை விட்டுவிட்டு யாரோ ஒருவரின் கையைப் பிடித்த அந்த மனிதர் என்பதை ஒருநாளும் நான் மறந்ததில்லை.