மஹாதேவன் சார் அனுப்பிய எண்ணெய்

கீதாஞ்சலிக்குக் கோபம் வந்தால் ஹவுரா பாலமே கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும் என்று அவள் கணவன் வீரபாண்டியன் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பது வழக்கம். அன்று காலை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் வேலையாள் நித்தாயைப் பார்த்துவிட்டு நேரே பட்டறைக்கு வந்தவள் கைப்பையை மேஜைமேல் எறிந்த வேகத்தில் டீ கிளாஸ் உருண்டு விழுந்து நொறுங்கியது. அதைப் பொறுக்கக்கூட ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

"நித்தாய்க்கு ரெண்டு கையும் வெந்து கெடக்கு. விரல் தேறுமான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல. நீங்க இங்க உக்காந்து டீ குடிக்கிறீக, என்ன?"

"நான் என்ன செய்ய கீதா? தீ புடிச்சிருச்சு. எண்ணெய்ப் பட்டறைன்னா..."

"எண்ணெய்ப் பட்டறைன்னா? இத்தன வருசமா புடிக்காத தீ நேத்து மட்டும் எப்பிடிப் புடிச்சுது?"

வீரபாண்டியன் குனிந்து கிளாஸ் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். வாயைத் திறந்தால் மஹாதேவன் சார் பெயர் வெளியே வந்துவிடும் என்று அவனுக்குப் பயம்.

கீதாஞ்சலி பிறந்தது கிடர்பூரில், துறைமுக ஊழியர் குடியிருப்பில். அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர், கிரேன் பிரிவில் வேலை. பெண் பிறந்த சந்தோஷத்தில் வங்காளி மேலதிகாரி சொன்ன பெயரை அப்படியே வைத்துவிட்டார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதைக் கீதாவாக வெட்டிச் சுருக்கினார்கள். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், சண்டை என்று வந்தால் இந்தி என்று வளர்ந்த பெண். கெமிஸ்ட்ரி படித்தாள். படித்து முடித்ததும், ஹவுராவில் காலி இரும்பு டிரம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த வீரபாண்டியனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்த டிரம்களின் அடியில் வண்டியில் ஓடிக் கருத்த எஞ்சின் ஆயில் கொஞ்சம் தேங்கிக் கிடக்கும். வீரபாண்டியன் அதைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு டிரம்மைக் கழுவுவான். புதுப்பெண்ணாகப் பட்டறையைப் பார்க்க வந்தவள் அதைக் கண்டு அங்கேயே போட்ட சத்தம் அக்கம்பக்கத்து லேத் பட்டறைக்காரர்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "ஆத்துக்குப் போற தண்ணியில விஷத்த ஊத்துறீக. அது போக, நீங்க ஊத்துறது நம்ம சோறு, தெரியுமா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான். எண்ணெய் சாவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. காய்ச்சித் தண்ணீரை விரட்டி, சகதியை வடித்து, களிமண்ணால் வெளுத்து எடுத்தால் மறுபடி உழைக்கும். லைசென்ஸுக்கு அவளே அலைந்தாள். பஸ் டிப்போ, படகுத் துறை, அச்சகம் என்று லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து போய்க் கழிவு எண்ணெய் கேட்டாள். "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டவர்களிடம், "அவர் ஆளைப் பாத்துக்குவார், நான் எண்ணெயைப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிடுவாள். வீரபாண்டியனுக்கு ஆள் பிடிக்கத் தெரியும், பேசத் தெரியும். அதில் அவன் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லக் கூடாது.

பட்டறையில் அவள் போட்ட சட்டம் ஒன்றுதான். எந்த டிரம்மாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, முற்றத்து மூலையில் காய்ந்துகொண்டிருக்கும் இரும்புச் சட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சட்டென்று தீப்பற்றினால் பெட்ரோலோ தின்னரோ கலந்திருக்கிறது. சும்மா புகைந்தால் நல்ல சரக்கு. "எங்கப்பாவே கொண்டு வந்தாலும் சட்டியில விடாம தொட்டிக்குப் போகக் கூடாது" என்பாள். கொப்பரையில் எண்ணெய் காய்ச்சும் நித்தாய் அதை வேதவாக்காக வைத்திருந்தான். அவளைப் பௌதி, அதாவது அண்ணி, என்றும் வீரபாண்டியனைத் தாதா, அதாவது அண்ணன், என்றும் கூப்பிடுகிறவன். இந்தப் பட்டறைக்கு முதன்முதலில் வேலைக்கு வந்தவனும் அவன்தான்.

இந்தச் சட்டத்தில் ஓட்டை போட வந்தவர்தான் மஹாதேவன். ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் பெரிய மேனேஜர், தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். பொங்கல் விழா மேடையில் கங்கையைத் தாயென்று கும்பிட்டு அரை மணி நேரம் பேசுவார், கேட்கிறவர்கள் கண் கலங்கிவிடும். தொழிற்சாலை வண்டிகளின் பழைய ஆயிலை வீரபாண்டியனுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் லோடிலேயே நித்தாய் கரண்டியை எடுத்துக்கொண்டு வர, அவர் முகம் சுண்டிப்போனது.

"என்ன வீரபாண்டியன், நம்ம ஆளுங்களுக்குள்ளயே சந்தேகமா?"

வீரபாண்டியனுக்கு உயிரே போய்விட்டது. சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு அவன் வெகுநாளாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். அன்றோடு மஹாதேவன் சார் சரக்குக்குச் சட்டி கிடையாது என்றாகிவிட்டது. கீதாஞ்சலி கேட்பாளா? அவன் தலை மறைந்ததும் அவர் டிரம்களையும் திறந்து கரண்டி விட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இது எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. சரக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது.

போன வாரம் ஜாதவ்பூரில் படிக்கும் மகள் அனன்யாவுக்கு டெங்கு என்று போன் வந்தது. கீதாஞ்சலி போட்டது போட்டபடி ஓடினாள். அவள் மகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பட்டறைக்கு மஹாதேவன் லோடு வந்தது, தொட்டிக்குப் போனது, மறுநாள் கொப்பரைக்கும் போனது. சூடேறியதும் உள்ளிருந்து கிளம்பிய ஆவி அடுப்பைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டது. வால்வை மூடக் கை நீட்டிய நித்தாய் மூடிவிட்டுத்தான் விழுந்தான். அவன் மூடியிருக்காவிட்டால் பட்டறையும் இல்லை, பக்கத்துச் சந்தும் இல்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதுதான் அவளைப் பட்டறைக்கு விரட்டியிருந்தது.

"பௌதி, வாசனை சரியில்லன்னு நான் தாதாகிட்ட சொன்னேன். மஹாதேவன் பாபு சரக்கை மோந்து பாக்குற அளவுக்கு நீ பெரிய மனுஷனாயிட்டியான்னு கேட்டார். ஊத்திட்டேன்."

இதை அப்படியே கணவனிடம் சொல்லிவிட்டு, "அவன் சொன்னானா இல்லியா?" என்று கேட்டாள்.

"சொன்னான். நான்தான்..." வீரபாண்டியன் தலை குனிந்தான். "சாரே போன் பண்ணாரு கீதா. நீ இருக்கியான்னு கேட்டாரு. ஜாதவ்பூர் போயிருக்கான்னு சொன்னேன். அப்ப லோடை இன்னிக்கே அனுப்பிடுறேன்னாரு."

"நான் இருக்கேனான்னு எதுக்குங்க கேட்டாரு? எனக்குப் பொங்கச் சீர் அனுப்பவா?"

அப்போதுதான் வீரபாண்டியனுக்கே அது உறைத்தது. பெயிண்ட் தொழிற்சாலையில் மிஞ்சும் அழுக்குத் தின்னரை முறைப்படி எரித்து அழிக்க ஆகும் செலவு கொஞ்சமா நஞ்சமா? பழைய ஆயிலில் கலந்து நம்ம ஆள் தலையில் கட்டிவிட்டால் செலவே இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். இங்கே நெய்க்குப் பதில் நித்தாயின் கை.

வாசலில் கார் வந்து நின்றது. மஹாதேவனே இறங்கினார், கையில் ஒரு பை ஆப்பிளோடு.

"மனசே சரியில்லம்மா கீதா. நேத்து ராத்திரி தூக்கமே இல்ல. சரி, நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கு பொல்யூஷன் போர்டுலேர்ந்து வருவாங்க. சுருக்கமா சொல்லிடுங்க. கொப்பரைப் பக்கத்துல அந்தப் பையன் பீடி பத்த வச்சான், அவ்வளவுதான். உங்க லைசென்ஸும் தப்பிக்கும், நம்ம பேரும் தப்பிக்கும். அவனுக்கு வேண்டியதை சங்கத்துலேர்ந்து செஞ்சிடலாம். பொழைக்க வந்த ஊர்ல நாம ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுக்கலாமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது ஆப்பிள் பையோடு பட்டறை தேடி வருவதை அன்றுதான் அவள் பார்த்தாள். பீடியால் தீ வைத்தவன் என்று ஒரு தரம் காகிதத்தில் ஏறிவிட்டால் நித்தாய்க்கு இன்சூரன்ஸ் வருவது சந்தேகம். போலீஸ் கேஸ் வேறு வரும். கை தேறினாலும் ஹவுராவில் எந்தப் பட்டறைக்காரன் அவனை உள்ளே விடுவான்? ஆனால் கீதாஞ்சலி கத்தவில்லை. கத்தாததைப் பார்த்து வீரபாண்டியன் இன்னும் பயந்தான்.

கொஞ்ச நேரத்தில் போர்டு அதிகாரி தீப்தி சென் வந்தாள். கருகிய கொப்பரையைச் சுற்றிப் பார்த்தாள், எப்படி நடந்தது என்று கேட்டாள். மஹாதேவன் வீரபாண்டியனைப் பார்த்தார். வீரபாண்டியன், "வேலைக்காரப் பையன் பீடி குடிச்சிருக்கான் மேடம்" என்று சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டான், ஐயா! வால்வை மூடிப் பட்டறையைக் காப்பாற்றியவனைப் பற்றி, அவன் கையால் பிழைத்த வாயால் சொல்லிவிட்டான்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் கீதாஞ்சலி. மஹாதேவன் அனுப்பியதில் இன்னும் திறக்காத டிரம் ஒன்றைத் தொழிற்சாலை முத்திரையோடு முற்றத்துக்கு உருட்டச் சொன்னாள். தொட்டிகளுக்கு எட்டாத வெட்டவெளியில் ஒரு தகரத் தட்டை வைத்து, அதில் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றினாள். சாமிப் படத்தடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து வந்து மஹாதேவன் முன்னால் நீட்டினாள். எல்லோருக்கும் புரியட்டும் என்று வங்காளத்திலேயே பேசினாள்.

"சார், எஞ்சின் ஆயில்ல பத்துன பீடியப் போட்டா பீடிதான் அணையும். இது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நீங்க அனுப்புனது நல்ல ஆயில்தானே? ஒரு குச்சியக் கிழிச்சு நீங்களே போடுங்க. அணைஞ்சா, பீடியால தீ புடிக்கல. பத்துச்சுன்னா இது எண்ணெயே இல்ல. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனா தள்ளி நின்னு போடக் கூடாது. நித்தாய் நின்ன மாதிரி கிட்ட நின்னு போடணும்."

மஹாதேவன் தீப்பெட்டியை வாங்கவில்லை. "என்னம்மா இது, சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் போனார். அப்புறம் இன்னும் ஓரடி. கடைசியில் அதிகாரியின் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார். வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் எதையும் கொளுத்த வேண்டாம்" என்றாள் தீப்தி சென். அவள் மஹாதேவனின் கால்களைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். மாதிரி எடுத்தாள், டிரம்களுக்குச் சீல் வைத்தாள். பிறகு கீதாஞ்சலி பக்கம் திரும்பி, "சோதிக்காமல் எப்படி உள்ளே விட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"விட்டது எங்க தப்பு மேடம். நித்தாய் சொல்லியும் கேக்கல. அதையும் எழுதுங்க."

"எழுதினால் விசாரணை முடியும் வரை பட்டறையை மூட வேண்டும்."

"மூடுங்க."

ஜீப்பும் காரும் போனபின் கதவில் புதுப்பூட்டு தொங்கியது. வீரபாண்டியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "நம்ம ஆளையே காட்டிக் குடுத்துட்டியே கீதா. இனி நம்ம ஆளுக மூஞ்சில எப்பிடி முழிக்க?"

"நம்ம ஆளா? நான் ஊர்ல இல்லாத நாள் பாத்து விஷத்த அனுப்புனவரு நம்ம ஆளு, வேண்டாம்னு சொன்னவன் வேத்தாளு. நல்லாருக்குய்யா உங்க சொந்தம்!" அவள் தெருவுக்கு இறங்கி ஒரு டோட்டோ பேட்டரி ரிக்ஷாவைக் கைகாட்டி நிறுத்தினாள். "ஏறுங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. நித்தாய் பொண்டாட்டி நாலு வீட்டு வேலைய முடிச்சிட்டு சாயங்காலந்தான் வருவா. அவனுக்கு ரெண்டு கையிலயும் கட்டு. மத்தியானச் சோறு ஊட்ட ஆள் வேணும். நீங்கதான் ஊட்டப் போறீக."

வீரபாண்டியன் ஏறாமல் நின்றான். "அவன் முன்னாடி உக்காந்து நான் என்னத்தச் சொல்ல கீதா?"

"மேடம்கிட்டச் சொன்னீகள்ல, பீடி குடிச்சான்னு? அதையே அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிக்கிட்டு ஊட்டுங்க."