வீரம்மாள் கீறல்

எங்கள் வம்சத்தில் வீரம்மாள் என்று ஒருத்தி எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்தாள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அதைக் கருங்கல்லில் வெட்டவும் கொடுத்துவிட்டேன். இந்த முட்டாள்தனத்துக்குக் காரணம் மூன்று பழைய பத்திரங்களும் என் நெஞ்சில் இடது பக்கம் வந்த ஒரு வலியும்.

அப்பா ஐம்பத்தொன்றில் போனார். எனக்கு ஐம்பத்தொன்று பிறந்த வாரமே வலியும் பிறந்தது. அட்டுவம்பட்டியிலிருந்து மூன்று தடவை டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாவது தடவை டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. "வாய்வுங்க. பூண்டு சேத்துக்கங்க" என்றார். தலைமுறை தலைமுறையாகப் பூண்டு விளைவித்தே சோறு தின்ற குடும்பத்துக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? டாக்டர் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

என் ரத்தத்தில் நீண்ட ஆயுளுக்கு எங்காவது சாட்சி இருக்காதா என்று தேடித்தான் மேல்மலையில் இருக்கும் போளூருக்கு, பெரியம்மாவிடம் போனேன். பெரியப்பா இறந்த பிறகும் தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்தவர் அவர். தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு, விரலிடுக்கில் எப்போதும் பூண்டுத்தோல். தகரப்பெட்டியைத் திறந்து காகிதக்கட்டை என் மடியில் போட்டார்.

"ஏலே, செத்தவங்க பேப்பரப் பாத்தா ஒனக்கு வலி நின்னுருமாக்கும்?"

நின்றுவிட்டது, அதுதான் வேடிக்கை. முதல் பத்திரம், பூண்டுக்காட்டை வீரம்மாள் பேரில் எழுதிக்கொண்டது. இரண்டாவது, ஓடைத் தண்ணீருக்கு அக்கம்பக்கத்தாரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். மூன்றாவது, எல்லைத் தகராறில் ஏற்பட்ட சமாதானம். எழுத்தறியாதவள், அதனால் மூன்றின் அடியிலும் 'வீரம்மாள் கீறல்' என்று எழுதி, பக்கத்தில் அவள் கையாலேயே ஒரு குறி. முதலில் ஒற்றைக்கோடு. அடுத்ததில் பெருக்கல் குறி. கடைசியில் கோணலான ஒரு வட்டம். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே ஐம்பது வருஷத்துக்கு மேல். கன்னிப்பெண்ணின் கை கோடு போட்டது, கிழவியின் கை நடுங்கி வட்டமாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். கூட்டிப் பார்த்தால் வயது எழுபது வந்தது. மேலே ஐந்தை என் பங்குக்கு நானே சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் 'எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்த வீரம்மாள்' என்று வெட்டிய கல்லைப் பழனியிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போளூர் போய் இறங்கினேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை வாசிப்பவனைப் போலக் குரலை உயர்த்தி வாசித்தேன். அவர் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"எந்த வீரம்மாவுக்குடா?"

தோட்டத்து ஓரம் பேரிக்காய் மரத்தடியில் மூன்று மொட்டைக் கற்கள் கிடக்கும். பூண்டு பிடுங்கினால் முதல் மூன்று கைப்பிடி அந்தக் கற்களுக்குத்தான். ஏன் மூன்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ சாமி என்று நினைத்து, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அதனிடம் வேண்டிக்கொண்டு கணக்கில் தோற்றவன் நான். பெரியம்மா அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காடு வீரம்மா பேருல கெடக்கு. அவ போயிட்டா. பத்திரத்த மாத்தணும்னா பழனிக்கு எறங்கணும், போக வர நாலு நாள் சோலி. அதுக்குப் பதிலா, அவ மகனுக்கு வந்தவளுக்கு வீரம்மான்னு பேரு வச்சுட்டாங்க. அவளும் போனா. அவ மகனுக்கு வந்தவளும் வீரம்மா. பத்திரம் அப்பிடியே கெடந்துச்சு, பொண்ணுகதான் மாறிக்கிட்டு இருந்தாக."

"அவங்க நெசப் பேரு என்னங்க பெரியம்மா?"

"யாரு கேட்டா? ஒங்க தாத்தா தலையெடுத்து மலையெறங்கிப் போயி காட்டைத் தன் பேருக்கு மாத்துனாரு. இல்லாட்டி நானும் இன்னைக்கு வீரம்மாதான்."

எனக்கு அழுகை வந்தது. முதலில் வந்தது அவர்களுக்காக அல்ல. கையிலிருந்து நழுவிப்போன என் எழுபத்தைந்துக்காக. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பெரியம்மா கல்லை எழுத்துப் பக்கம் கீழாகப் புரட்டிப் போட்டார். கடைசி வரை அதில்தான் துணி துவைத்தார். மூன்று பேரும் எப்படிப் போனார்கள் என்பதையும் அப்படித் துவைத்துக்கொண்டேதான் ஒருநாள் சொன்னார்.

அவர் போய் இது முதல் அறுவடை. மூன்று கைப்பிடிப் பூண்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். எனக்கு இப்போது ஐம்பத்துமூன்று. வலி வருகிறது, போகிறது. பத்திரங்களை மறுபடி பிரித்துப் பார்த்தேன். கோடு, பெருக்கல் குறி, வட்டம். நடுங்கிய கை என்று எதுவும் அங்கே இல்லை. மூன்றும் இளம் கைகள்.

வீரம்மாள் எழுபத்தைந்து வயது வாழவில்லை. வீரம்மாள் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் தலைப்பிரசவத்தில் இறந்தார்கள்.