இரட்டை பேட்டரி முத்துக்குமாரசாமி

முத்துக்குமாரசாமிப் பிள்ளைக்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் மதிக்கத் தெரியாது. தன்னை மதிப்பதற்கும் அவரிடம் காரணம் எதுவும் இருந்ததில்லை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காடு அப்பா விட்டுப்போனது. சங்கரன்கோவில் வீடு அப்பா கட்டியது. மனைவி பிரம்மநாயகியும் அப்பா பார்த்து வைத்தவள்தான். அவராகச் சம்பாதித்தது வாய் ஒன்றுதான். அந்த வாயில் தாசில்தார் முட்டாள், டாக்டர் கசாப்புக்காரன், உழுது போடுகிறவன் சோம்பேறி.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் ஏலம் விட்டார்கள். காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிப் போன ஆம்புலன்ஸ் வேன் ஒன்றை இவர் எடுத்து வந்தார். சிவப்புச் சிலுவையின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தார். உள்ளே கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, மடக்கு மேஜை, நாலு பல்பு, ஒரு குட்டி மின்விசிறி, ரேடியோ. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் சிம்னி விளக்கு எரிந்த காலம் அது.

"இனிமே நான் எங்க போனாலும் என் வீட்டுலதான் படுப்பேன். கண்டவன் படுத்த சத்திரத்துல எனக்கு ஒறக்கம் வராது" என்றார்.

போனது வாசுதேவநல்லூர் வரைக்கும். அங்கே குளத்தங்கரை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, மத்தியானம் முழுக்க விசிறியை ஓடவிட்டு ரேடியோ கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கிட்டே வரக் கூடாதென்று விரட்டினார். சாயங்காலம் சாவியைத் திருகினால் எஞ்சின் முனகக்கூட இல்லை. இருந்த ஒரே பேட்டரியையும் பாட்டுக் கேட்டே தீர்த்திருந்தார். வேனை மாட்டில் கட்டி இழுத்து ஊர் சேர்த்தார்கள். விரட்டப்பட்டவர்கள்தான் மாடு கொண்டுவந்து கட்டினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "பட்டாளத்தான் ஓட்டைப் பேட்டரியக் குடுத்து ஏமாத்திட்டான்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சண்முகையா பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, "விசிறி, ரேடியோவுக்குன்னு தனியா ஒரு பேட்டரி வச்சிருவோம் அண்ணாச்சி. எஞ்சின் பேட்டரிய அதுபாட்டுக்கு விட்டுரணும். பின்னால உள்ளது தீந்து போனாலும் வண்டி கிளம்பிரும்லா" என்றார்.

பஸ்ஸுக்குப் போடும் பெரிய பேட்டரி வந்தது. கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி செய்து அதை உட்கார வைத்தார்கள். மெல்லிய கம்பிகளைப் பிடுங்கிவிட்டுத் தடித்த கம்பி இழுத்தார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஃபியூஸ், தேக்குப் பலகையில் வரிசையாகப் பித்தளை சுவிட்சுகள். வேலை சுத்தமாகத்தான் நடந்தது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஏன் வே, பின்னால உள்ளது தீந்துட்டா நான் இருட்டுல உக்காந்திருக்கணுமோ?" என்றார் பிள்ளை. "ரெண்டையும் சேக்கதுக்கு ஒரு சுவிட்ச் போடும்."

"அது வேண்டாம் அண்ணாச்சி. சேத்தா ரெண்டும் சேந்தே தீந்துரும். பெறகு பழைய கததான்."

"வண்டி யாருது வே?"

"உங்களுதுதான்."

"அப்ப போடும்."

சண்முகையா போட்டார். தப்பு என்று தெரிந்தே போட்டார். பெரிய வீட்டு ஆள் முகம் சுளித்தால் தாங்காத பிறவி அவர். தெரியாமல் செய்கிற முட்டாளைக்கூட மன்னிக்கலாம். போதாக்குறைக்கு, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கம்பியையும் பிள்ளை வீட்டிலேயே போட்டுவிட்டார். அதைச் சுற்றுவது லாரிக் கிளீனர் செய்கிற வேலையாம்.

அந்த மாசி மாசம் மகளைக் கட்டிக் கொடுத்த ராயகிரியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பருத்தி எடுப்பைக் காட்டுகிறேன் என்று பிள்ளை அவர்களையும் பிரம்மநாயகியையும் காட்டுக்குக் கூட்டிப் போனார். காட்ட நினைத்தது வண்டியை. திருவேங்கடம் ரோட்டோரம் அதை நிறுத்தி, காலையிலிருந்தே விசிறி, ரேடியோ, பட்டப்பகலில் நாலு பல்பு. விசிறி சற்று மந்தமானதும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் சுவிட்சைக் கீழே தள்ளினார். விசிறி மறுபடி வேகம் பிடித்தது. "எப்படி?" என்று சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பாடு முடிந்த நேரம். பருத்திப் பொதி ஏற்றிய மாட்டு வண்டி ஓடைச் சரிவில் குடை சாய்ந்தது. ஓட்டி வந்த சிவனாண்டி அடியில் மாட்டிக்கொண்டான். பிள்ளையின் காட்டில் பத்து வயதிலிருந்து பாடுபடுகிறவன். ஆட்கள் வண்டியைத் தூக்கி அவனை வெளியே இழுத்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. அவன் பெண்டாட்டி மாரித்தாய் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"அய்யா, வண்டிய எடுங்கய்யா! ஆஸ்பத்திரிக்கு போயிருவோம்யா!"

பிள்ளை முதலில் மெத்தையைத்தான் பார்த்தார். "ஏலே, ஒரு சாக்கைக் கொண்டாந்து விரிங்கலே. வெள்ள மெத்தை."

"சாக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தூக்கி உள்ள கெடத்துங்க" என்றாள் பிரம்மநாயகி. கிடத்தினார்கள். அவளே தன் முந்தானையைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினாள்.

பிள்ளை சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விசிறியும் நின்றுபோனது.

"தள்ளுங்கலே!" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி அதட்டினார். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் உட்பட அத்தனை பேரும் தள்ளினார்கள். முதல் தடவை அவர் கியர் போடவே மறந்துவிட்டார். இரண்டாம் தடவை கரிசல் மண்ணுக்குள் சக்கரத்தை இறக்கினார். உள்ளே சிவனாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அப்போது திருவேங்கடம் பஸ் வந்தது. பிரம்மநாயகி நடுரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் தாங்களாகவே இறங்கி சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். சிவனாண்டியோடு மாரித்தாயும் பிரம்மநாயகியும் ஏறினார்கள்.

"நீங்க வரலயா?" என்று கேட்டாள் பிரம்மநாயகி.

"வண்டியத் தனியா விட்டுட்டு எப்படி வாரது?" என்றார் பிள்ளை.

அவள் கண்டக்டரிடம், "நீங்க விசில் குடுங்க" என்றாள்.

சிவனாண்டி பிழைத்தான். காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனை பிரம்மநாயகி, தன் அப்பா சீதனமாகக் கொடுத்த பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் காவலாக வைத்துக்கொண்டாள். அவன் மகள் பூமாரியைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாள்.

பிள்ளை இதற்குள் வேறொரு கதை கட்டியிருந்தார். அவர் வண்டி மட்டும் இல்லாவிட்டால் சிவனாண்டி அன்றைக்கே செத்திருப்பானாம். வரப்பிலும் வயலிலும் அவர் வண்டியைப் பறக்கவிட்டாராம். சண்முகையா பக்கத்தில் நின்று தலையாட்டினார். சம்பந்தி வீட்டாரும் மரியாதைக்காக மறுக்கவில்லை. இரண்டு வருஷம் ஊர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் கிட்டங்கி வாசலில் பருத்தி வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். பிள்ளை அதே கதையை அவிழ்த்தார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சாட்சிக்கு ஆள் கூப்பிட்டார்.

"என்னலே சிவனாண்டி, நான் சொல்லுதது சரிதான? இவுகளுக்கும் சொல்லுலே."

சிவனாண்டி கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்தான். "சரிதான்யா. அய்யா வண்டியிலதான் என்னையப் படுக்க வச்சாக. மெத்தை நல்ல மெத்துன்னு இருந்திச்சி. அதுல படுத்துக்கிட்டேதான் பஸ் வருததப் பாத்தேன்."

வியாபாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு யாருக்கும் அடக்க முடியவில்லை.

"நன்றி கெட்ட நாயே! இந்த நிமிசமே வேலைய விட்டுப் போலே!" என்று பிள்ளை கத்தினார்.

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பிரம்மநாயகி உள்ளேயிருந்து வந்தாள். "அவன் எங்கிட்டல்லா வேல பாக்கான். அவனப் போகச் சொல்ல நீங்க யாரு?"

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவரை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை; வாசலில் நின்ற ஆட்டை விரட்டுகிற குரலில் சொன்னாள். பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வேன் தொழுவத்துக்குப் பின்னால் நின்று டயர் மக்கியது. பேட்டரிகளை சண்முகையா எடுத்துப் போனார். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். வண்டி போனாலும் பெயர் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அவரை 'இரட்டை பேட்டரி' என்றுதான் சொன்னார்கள்.

அடுத்ததாக, பிரம்மநாயகிக்குச் சீதனமாக வந்த தோட்டத்துக் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைக்கப் போவதாகப் பிள்ளை பேச ஆரம்பித்தார். ஊரில் இறைக்கிறவன் எவனுக்கும் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். பிரம்மநாயகி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்தைத் தன் தம்பிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அடுப்படியில் புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.