கொல்லும் அளவுக்குக் கோபம்

எங்கள் நீதிமன்றத்தில் வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான். கூண்டில் நிற்பவனுக்கோ எங்கள் ஊர்மொழியான பிசாயா தவிர வேறொன்றும் தெரியாது. நீக்ரோஸ் தீவின் இந்தக் கரையில் அதை யாரும் அநியாயமாக நினைப்பதில்லை. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் பெபெத் அக்கா. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைக் கவனிக்கும் அளவுக்குக்கூட அவரை எவரும் கவனித்ததில்லை. நான் அங்கே சுருக்கெழுத்தாளன்.

படகுத்துறையில் மீன் சுமக்கும் இஸ்யோ மீது கொலை வழக்கு. கூலித் தகராறு நடந்த மறுநாள் காலை அவன் முதலாளி குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். சாட்சி யாருமில்லை. கோபம் வந்ததா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"கொன்னுபோடுற அளவுக்குக் கோவம் வந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்" என்றான் இஸ்யோ.

அக்கா 'ஆங்ரி இனஃப் டு கில்' என்று ஆரம்பித்தார். வக்கீல் பாதியில் கையமர்த்தி, 'ஸோ ஆங்ரி தட் ஹி கில்ட்' என்று என்னை எழுதச் சொன்னார். கோபம் தாங்காமல் கொன்றேவிட்டான் என்று அதற்குப் பொருள்.

அக்கா மறுத்தார். நீதிபதிக்குப் பசி. இரண்டும் ஒன்றுதான், இங்கே இலக்கண வகுப்பு வேண்டாம் என்றார்.

"ஒண்ணு இல்லீங்கய்யா. நான் சொன்னதுல கோவம் எவ்வளவுன்னுதான் இருக்கு. அவரு சொல்றதுல ஆளே செத்துக் கிடக்கான்."

உட்காரச் சொன்னார்கள். அக்கா உட்காரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அவரை மாலைவரை காவலில் வைத்தார்கள். அதுவரை கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த இஸ்யோவின் இலவச வக்கீல் அப்போதுதான் எழுந்து, அக்காவின் மறுப்பைப் பதிவு செய்யக் கேட்டார். பதிவு செய்தேன்.

இஸ்யோவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றம் நான் பதிவு செய்த அந்தச் சில வரிகளைப் படித்துவிட்டுத் தண்டனையை ரத்து செய்தது. அவன் வெளியே வந்தபோது, கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் அவனைக் கண்டு மிரண்டு ஓடினாள். அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? அரசு வக்கீலுக்குப் பதவி உயர்வு. அக்காவை மலையூர் நிலப்பதிவு அலுவலகத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்யோ கூடை நிறைய நண்டோடு அக்கா வீட்டுக்கு வந்தான். நானும் அங்கிருந்தேன்.

"நீ சொன்னதைத்தானே நான் சொன்னேன்? அதுக்கு எதுக்குடா நண்டு?" என்று அக்கா சீறினார்.

அவன் கூடையை வாசலில் வைத்துவிட்டு நின்றான். அக்கா அவனைச் சாப்பிட உட்காரவைத்தார். நண்டை உடைக்கும்போதும் அந்த வக்கீலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.